பில்லுக்கு எதற்கு போன் நம்பர்?

நேற்று அம்மாவுக்குச் செருப்பு வாங்கப் போனோம். 450 ரூபாய். பணத்தை நீட்டியதுமே கவுன்டரில் இருந்த பெண் "நம்பர் சொல்லுங்கம்மா" என்றார். அம்மாவும் பத்து எண்ணையும் நிறுத்தி நிதானமாக, பின்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

போன தீபாவளிக்குத் துணி எடுத்த இடத்திலும் இப்படித்தான் கொடுத்தோம். ஒரு வாரம்கூட ஆகவில்லை. மனை விற்கிறவர், நகைக்கடன் தருகிறவர் என்று யார் யாரோ அம்மாவின் பெயரைச் சொல்லியே பேசினார்கள். எந்தக் கடையிலிருந்து நம்பர் போனது என்று நிரூபிக்க வழியே இல்லை. அதுதான் மனசு ஆறவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் கேட்கிறார். ஆனால் பில் போட மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அதே ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஒரு வேலைக்கு எந்த விவரம் தேவையோ அதற்கு மட்டும்தான் நம் சம்மதம் செல்லும் என்கிறது அது. விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆகிவிட்டது, அது வேறு கதை.

"நம்பர் தர விருப்பமில்லை, பில் மட்டும் போடுங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அம்மாவிடமும் இதைச் சொன்னேன். "அந்தப் புள்ள கேட்டுச்சு, சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதேன்னு சொன்னேன்பா" என்றார்.