ஏற்காடு மண்சரிவுச் செய்திகளை விருதுக்குத் தொகுத்தபோது

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்தச் செய்திகளை பிரேக்கிங் நியூஸ் விருதுக்கு அனுப்ப, சேலம் அலுவலகத்தில் உட்கார்ந்து தொகுத்தோம். எழுதுவதைவிடத் தேடுவதற்கே அதிக நாள் பிடித்தது.

அமெரிக்காவில் பத்திரிகைப் பணிக்குத் தரும் புலிட்சர் பரிசில், உடனடிச் செய்திக்கான பிரிவுக்கு 1998 முதல் 'பிரேக்கிங் நியூஸ்' என்றுதான் பெயர். நடப்பதை எவ்வளவு சீக்கிரமாக, எவ்வளவு சரியாகச் சொன்னார்கள், நேரம் ஆக ஆகப் பின்னணியை எப்படி விரித்தார்கள் என்றுதான் அங்கே பார்க்கிறார்கள். 2011-ல் இந்தப் பிரிவில் யாருக்கும் பரிசு தரவில்லை. நாம் அதற்கு அனுப்ப முடியாது. ஆனால் தொகுப்பை உரசிப் பார்க்க நல்ல உரைகல். இங்கே ராம்நாத் கோயங்கா விருதுகள், பிரஸ் கவுன்சில் விருதுகள் என்று ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. எந்தத் தேதிக்குள் வெளியானவை, எத்தனை செய்திகள், மொழிபெயர்ப்பு வேண்டுமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும்.

பெரிய சிக்கல், முதல் வடிவம். இணையத்தில் ஒரே லிங்க்கைத் திருத்திக்கொண்டே போனால் கடைசி வடிவம் மட்டும்தான் மிஞ்சும். முதலில் சொன்னது நாம்தான் என்பதற்குச் சாட்சி இருக்காது. அன்றிரவே, நேரம் தெரிகிற மாதிரி ஒவ்வொரு வடிவத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விட்டுப்போயிருந்தால் இணையதள அட்மினிடம் ரிவிஷன் ஹிஸ்டரி, அதாவது எப்போது என்ன திருத்தினோம் என்ற பதிவு, கேளுங்கள். அச்சிலும் இதே கதைதான். வெளியூர் பதிப்பு சீக்கிரம் முடியும், நகரப் பதிப்பு பிந்தி வரும், இ-பேப்பரில் ஒன்றுதான் இருக்கும். இரண்டின் பக்க பிடிஎஃப்பும் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த நேரம் அழிந்துபோயிருக்கும். கேமரா கார்டிலிருந்து ஒரிஜினலை வாங்குங்கள். செய்தி ஏஜென்சியிடமிருந்து வாங்கிய படம், செய்தி எதையும் சேர்க்காதீர்கள்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். செய்தியில் ஒரு வளைவின் எண், படத்தில் தெரியும் பலகையில் வேறு எண் என்றால் நடுவர் கண்ணில் அதுதான் முதலில் படும். திருத்தம் போட்டிருந்தால் மறைக்காமல், எத்தனை மணிக்குத் திருத்தினோம் என்று, தொகுப்போடு அனுப்பும் ஆசிரியர் கடிதத்தில் எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். புகழுரை வேண்டாம், மணிவாரியாக நடந்தது போதும். மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாகப் போகலாமா என்று தவித்தவர்களுக்குப் பதில் சொன்ன ஐந்து வரிச் செய்தியையும் சேருங்கள். பெரிய கட்டுரையைவிட அது கனமானது.

'நமது நிருபர்' என்று வெளியான செய்திக்கு எழுதியவர் யார் என ஆசிரியர் சான்று தேவை. மழையில் முதல் போன் செய்த பகுதிநேர நிருபர் பெயர் இதில் விட்டுப்போவது பெரிய அநியாயம். குழுப் பதிவாக அனுப்பினால் அவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். 'அடிவாரத்தில் வாகனங்கள் நிறுத்தம்' என்பதில் அடிவாரம் ஓர் இடத்தின் பெயர். வெளியூர்க்காரர் அதை மலையடிவாரம் என்றே பெயர்த்துவிடுவார்.

எல்லாம் முடிந்ததும் பிடிஎஃப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் செய்த பக்கமாக இருந்து, எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் விட்டிருந்தால் தலைப்பு முழுக்கப் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.