பூத்துக்குள் கட்சிக்காரர்களும் கட்சி இல்லாத நானும்

அரசு ஊழியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் தேர்தல் நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த விதியை எழுதியவர் அழுதுவிடுவார். "எங்க ஆட்சியில பஞ்சப்படி எப்ப அறிவிச்சோம் தெரியுமா?" என்று கணக்கு சார் ஆரம்பிப்பார். "நீங்க வச்சிட்டுப் போன கடனை நாங்கதானே அடைச்சோம்" என்பார் தமிழய்யா. இரண்டு பேரிடமும் உறுப்பினர் அட்டை கிடையாது. ஆனாலும் 'நாங்க', 'நீங்க' என்றுதான் பேச்சு. கருவூலத்தையே இவர்கள் இருவரும் மாறி மாறிப் பூட்டித் திறந்த மாதிரி இருக்கும்.

எனக்குக் கட்சி இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் யோசித்துப் போடுகிற ஆள். இதை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. கணக்கு சாரிடம் புதிய ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் "டீச்சர் அந்தப் பக்கம்தான், தெரிஞ்சு போச்சு" என்பார். அதே கேள்வியை மதியம் தமிழய்யாவிடம் கேட்டால் நான் இந்தப் பக்கம். மதில்மேல் பூனை என்பது பழைய பெயர். இணையத்தில் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'நடுநிலை நக்கி'. முதலில் கோபம் வந்தது. இப்போது வாட்ஸாப் குழுவில் யாராவது அப்படிச் சொன்னால், இன்று எந்தப் பக்கத்து ஆள் சொன்னார் என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

இதே சண்டையை வேறொரு இடத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தேர்தல் பணியில் கிடைத்தது. வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் போகும்போது நமக்கு எதிரே ஒரு பெஞ்சில் கட்சி ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். குலுக்கல் முறையில் வேறு தொகுதிக்குத்தான் பணி போடுவார்கள் என்பதால் அவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கும் அவர்களைத் தெரியாது. உட்காரும் வரிசைக்கும் விதி உண்டு: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் ஆட்கள் முதலில், சுயேச்சைகளின் ஆட்கள் கடைசியில். (சுயேச்சை ஏஜென்ட் என்று வருபவர் பல நேரம் முன் வரிசையில் இருக்கும் ஒருவரின் மைத்துனராக இருப்பார். டீ வரும்போது தெரிந்துவிடும்.)

ஓட்டுப்பதிவு 7 மணிக்கு என்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்த்து, மெஷின் காட்டும் கணக்கும், எந்தச் சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டும் ஒத்துப்போகிறதா என்று ஏஜென்ட்டுகள் முன்னிலையில் எண்ண வேண்டும். ஒரு முறை எண்ணி முடித்ததும் ஒரு பெரியவர், "என் சின்னத்துக்கு ஒண்ணு குறையுது. மெஷின்ல கோளாறு" என்று எழுந்து நின்றுவிட்டார். விடிகாலை, தூக்கமில்லாத இரவு, வெளியே வரிசை கூடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. பேச ஆரம்பித்தது எதிர்க்கட்சிப் பையன். பூத் சிலிப்பின் பின்பக்கம் அவன் தானாகவே ஒவ்வொரு ஓட்டுக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறான். அதை நீட்டி, "மாமா, ரெண்டாவது சுத்துல நீங்க அமுக்குனது நோட்டாவை. நான்தான் பாத்தேனே. மெஷினைக் குத்தம் சொல்லாதீங்க" என்றான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அரசு ஊழியர் வாயால் வந்தால் அதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கும். எதிரி சொன்னதால் நம்பினார்.

இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஓட்டுச்சாவடியில் நியாயம் நடக்கிறது என்றால் அதற்கு என் நேர்மை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம், அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் துளிகூட நம்பாததுதான். ஒவ்வொருவர் கையிலும் வாக்காளர் பட்டியல். ஒருவர் உள்ளே வந்தால் பத்துக் கண்கள் முகத்தையும் பெயரையும் ஒப்பிடும். வந்தவர் அவர் இல்லை என்று சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். இந்த 2 ரூபாயை யாரும் உயர்த்தவில்லை, உயர்த்தவும் வேண்டாம். ஊரில் யார் செத்தார், யார் திருப்பூருக்குப் போய்விட்டார், எந்த அண்ணன் தம்பி முகம் ஒன்றுபோல இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பட்டியலில் இருக்கும் அஞ்சல்தலை அளவு படம் மட்டும்தான் தெரியும்.

வயதானவர்கள் வரும்போது சண்டை உச்சத்துக்குப் போகும். கண் தெரியாதவர், பட்டனை அழுத்த முடியாதவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். துணைக்கு வருபவர் அன்றைக்கு வேறு யாருக்கும் துணை போக முடியாது. ஒரு பாட்டியோடு பேரன் ஒருவன் வந்தான். உடனே ஒரு ஏஜென்ட், "டீச்சர், பாட்டிக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நேத்து எங்க போஸ்டரைப் பாத்துத் திட்டுச்சு" என்றார். இன்னொருவர், "அப்போ திட்டுனது உங்க போஸ்டரத்தானே, ஓட்டு யாருக்குன்னு உனக்கே தெரியுது, அதான் வயிறு எரியுது" என்றார். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பாட்டியிடம், மெஷினில் இருக்கும் படங்கள் தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியுது தாயி. இவனுவ எல்லாரையும் அங்கிட்டு போவச் சொல்லு" என்றார். பேரனையும் சேர்த்துத்தான் சொன்னார். தனியாகப் போய்ப் போட்டுவிட்டு, விரல் மையைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார்.

உண்மையில் எனக்குப் பயம் வந்தது சண்டை நடந்த பூத்துகளில் இல்லை. ஒரு கிராமத்தில் ஒரே கட்சியின் ஆட்கள் மட்டும் வந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அவ்வளவு மரியாதை. "டீச்சர், உங்களுக்கு எதுவும் வேணுமா? சாப்பாடு சொல்லவா?" கட்சிக்காரர்கள் தரும் எதையும் வாங்கக் கூடாது என்பது பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லும் பாடம். வேண்டாம் என்றேன். நாள் முழுக்க ஒரு குரல் உயரவில்லை. பட்டியலில் இருக்கும் முகமும் வந்து நிற்கும் முகமும் ஒன்றா என்று கேட்க ஆளில்லை. நானும் என் கூட இருந்த அலுவலர்களும் மட்டும் பார்த்தோம். ஆட்சேபணை எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதினேன். அதைப் போல மனம் உறுத்திய அறிக்கை வேறு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்ட்டுகளுக்குக் கோவில் கட்டியதாக ஆகிவிடும். 2011 சட்டமன்றத் தேர்தலில் நோட்டா கிடையாது. யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால் 49ஓ என்ற விதி இருந்தது. அதற்கு வாக்காளர் தலைமை அலுவலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட வருபவர்களைப் பதிந்துகொள்ளும் 17ஏ பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நாம் குறிப்பு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாம் ஏஜென்ட்டுகள் கண்முன்னால். ஒரு இளைஞர் வந்து மெதுவாக, "49ஓ" என்றார். காலையிலிருந்து சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் அந்த நிமிடத்தில் ஒன்றாகிவிட்டார்கள். "யாருக்கும் இல்லைன்னா எதுக்குடா வந்தே?" என்று ஒருவர். "இவங்க அப்பா எங்க ஆளு, இவன் இப்படி" என்று இன்னொருவர். "பெரிய படிப்புப் படிச்சிட்டான்" என்று சுயேச்சையின் ஏஜென்ட்கூடச் சேர்ந்துகொண்டார். பேசாமல் உட்காரச் சொன்னேன். அந்தப் பையன் கையெழுத்துப் போடும்போது பேனா சரியாக எழுதவில்லை; இரண்டாம் முறை போட வேண்டியிருந்தது. கட்சிக்காரர்களுக்கு எதிர்க்கட்சிக்காரன் ஒரு வகையில் உறவு. எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவன்தான் அவர்களுக்கு அந்நியன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நிராகரிப்பதும் ரகசியமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் நோட்டா பட்டன் வந்துவிட்டது. வேட்பாளர் எல்லாரையும்விட நோட்டா அதிகம் வாங்கினாலும் அடுத்து இருப்பவர்தான் வெற்றி பெறுவார், ஆகவே பலன் என்னவென்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பையன் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்பதால், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகலாம் என்பதே எனக்குப் பெரிய பலனாகத் தெரிகிறது. நான் நோட்டா போடுவதில்லை. அது வேறு விஷயம்.

எங்களைப் போன்றவர்கள் கணக்கில் வராதவர்கள் என்று கணக்கு சார் சொல்வார். பெயர்ப் பொருத்தம் அவ்வளவுதான். 1991 முதல் 2011 வரை ஐந்து சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாட்டில் ஆட்சி கைமாறிக்கொண்டே வந்தது. 2016-இல் அது நின்றது; 2021-இல் மறுபடி மாறியது. கூட்டணிக் கணக்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு சாரும் தமிழய்யாவும் இத்தனை தேர்தலிலும் ஒரே பட்டனைத்தான் அழுத்தியிருப்பார்கள். பின்னே மாற்றிப் போட்டது யார்?

2016-இல் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. அங்கே 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று தள்ளப்பட்டிருந்தன. அவற்றுக்குச் சான்றொப்பம் இட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது காரணம். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019-இல் மறு எண்ணிக்கைக்கு உத்தரவாகி, எண்ணி முடித்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கப்புறம் தேர்தல் பணிக்குப் போகும் எங்களுக்கு ஆசிரியர் அறையில் தபால் ஓட்டுப் படிவம் வந்தபோது ஒரு அமைதி வந்தது. சான்றொப்பம் யாரிடம் வாங்குவது, உறையில் எங்கே ஒட்டுவது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று கேட்பார்கள். பெரிய ரகசியம் இல்லை. வேட்பு மனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எடுத்துப் படிப்பேன். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். நிலத்தின் மதிப்பை எழுதியிருக்கும் அழகைப் பார்த்தே ஆளைப் பற்றி ஒரு எண்ணம் வந்துவிடும். அப்புறம், ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்றால் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

மாலையில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தில் பதிவான மொத்த ஓட்டை எழுதி ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். அதை அவர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் மெஷின் காட்டும் எண்ணும் இந்தத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபார்ப்பது இந்தத் தாளை வைத்துத்தான். அன்றைக்கு நான் வீட்டில் டிவி முன்னால் இருப்பேன். என் ஓட்டும் எண்ணப்படுகிறதா என்று கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பவர்கள் இவர்கள்தான்.

இதைத் தமிழய்யாவிடம் சொன்னபோது அவர் விடவில்லை. "எங்க ஆளுங்க வெயில்ல வீடு வீடா சிலிப் கொடுக்கணும், நாள் பூரா பெஞ்சுல உக்காரணும், நீங்க படிச்சுப் பாத்துப் பொறுக்கி எடுப்பீங்க. நல்லா இருக்கு டீச்சர்!" என்றார். பதில் ஒன்றும் தோன்றவில்லை. பணியில் இருக்கும்வரை நான் ஏஜென்ட்டாக உட்கார்ந்தால் சட்டப்படி சிறைத் தண்டனைகூட உண்டு என்று மட்டும் சொன்னேன். "ரிட்டயர் ஆனப்புறம் வாங்க, எங்க பெஞ்சுல இடம் போட்டு வைக்கிறேன்" என்றார். இது கணக்கு சார் காதுக்குப் போய், அவரும் மறுநாளே கூப்பிட்டுவிட்டார். இருவரிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "சரி சரி, புரியுது, நீங்க அந்தப் பக்கம்தான்" என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.