மெஷின் நின்ற பிறகு யார் எடுப்பது?

மார்ச் 3, 2025, திங்கள்

நான், தங்கை, அவளுடைய தோழி. மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே வாஷிங் மெஷின். ஒருவருடைய சுபாவம் தெரிய மணிக்கணக்காகப் பேச வேண்டியதில்லை, அழுக்குத் துணியை எப்படிக் கழற்றிப் போடுகிறார் என்று பார்த்தாலே போதும். தங்கை ஜீன்ஸை உள்புறம் வெளியே வரத் திருப்பி, ஜிப்பை இழுத்து மூடி, பாக்கெட்டில் சில்லறையோ காகிதமோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். தோழியின் சாக்ஸ் கழற்றிய சுருளாகவே கிடக்கும். பிரித்து நேராக்குவது நொடி வேலைதான், ஆனால் அது எப்போதும் அடுத்தவர் தலையில்தான் விழுகிறது.

மார்ச் 6, வியாழன்

நேற்று ராத்திரி துவைத்த துணி காலை வரை மெஷினுக்குள்ளேயே கிடந்தது. கதவைத் திறந்ததும் குப்பென்று வாடை. தோழியைக் கேட்டால், "நான்தானே போட்டேன் அக்கா, எடுக்கத்தான் மறந்துட்டேன்" என்கிறாள். அவளுக்குத் துவைப்பது என்றால் பட்டனை அழுத்துவது. எனக்கு, காய்ந்து மடித்து அலமாரிக்குப் போகும்வரை அந்த வேலை முடியாது. பெரும்பாலான வீடுகளில் துணிச் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த ஈர வாடைக்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். துணியில் மிச்சமிருக்கும் வியர்வையும் உடம்பு எண்ணெயும்தான் அதற்குத் தீனி. காயப்போட்டாலும் முழுக்கச் சாகாது, அதனால்தான் காய்ந்தபோது நன்றாக இருந்த துண்டு திரும்ப நனைந்ததும் நாறுகிறது. எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று, நானும் தங்கையும்தான் செய்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

தோழியைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. இன்று அவள் சோப்பு ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், மூடி வழிய ஊற்றிவிட்டு, துணி சுத்தமாக வர வேண்டுமே என்று மேலே இன்னும் கொஞ்சம். அக்கறையில்தான் செய்கிறாள். துவைத்துக் காய்ந்த அவளுடைய துண்டு ஒன்றை வாளியில் சூடான வெறும் தண்ணீரில் போட்டுப் பிசைந்து காட்டினேன், தண்ணீர் கலங்கி நுரை கட்டியது. அலசிப் போகாத சோப்பு நூலிலேயே தங்குவதால்தான் துண்டு விறைக்கிறது, அழுக்கும் சீக்கிரம் ஒட்டுகிறது. குனிந்து வெகுநேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் இந்த அளவுக்கு மனதில் ஏறியிருக்காது.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். போடுகிறவரே போனில் அலாரம் வைத்து, நின்றதும் எடுத்து உதறிக் காயப்போட வேண்டும். அப்புறம், அடுத்தவர் துணியைக் கேட்காமல் மடிக்கக்கூடாது. இந்த இரண்டாவது விதி தங்கை கேட்டது, தன் உள்ளாடையை வேறு யாரும் தொடுவது அவளுக்குப் பிடிக்கவில்லையாம். இவ்வளவு நாளும் உதவி என்று நினைத்துத் தோழி மடித்து வைத்திருக்கிறாள், இவளும் வாயைத் திறக்கவில்லை. சாக்ஸ் விஷயம் இன்னும் பேசி முடியவில்லை.