பத்து மாசம்

மார்ச் 11, 2025, விடியக்காலை 4.10
அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஈசிஜி பார்த்த டியூட்டி டாக்டர் எதற்கும் காத்திருக்காமல் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார். அவர் நன்றாயிருக்கட்டும். பில்லிங்கில்தான் 50,000 கட்டச் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டினேன். "டிபிஏ டெஸ்க் 9 மணிக்குத்தான் மேடம்." இன்ஷூரன்ஸ் க்ளெய்மைப் பார்க்கிற இடம் அது. அம்மா வளையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தம்பி எங்கிருந்தோ புரட்டி ஜிபே பண்ணினான்.

மார்ச் 11, இரவு
ஒரு ஸ்டென்ட். கண் திறந்தார். அவர் மோதிரம் பஞ்சில் சுற்றி என் பர்ஸில்.

மார்ச் 12
கேஷ்லெஸ் அப்ரூவல் வரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்வெரி: சுகர் எத்தனை வருஷமாக? கேஸ் ஷீட்டில் நீல மையில் '10 வருஷம்' என்று இருக்கிறது. அம்மா சொன்னது பத்து மாசம். பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, எழுதினவர் காதில் எப்படி விழுந்ததோ. பாலிசி எடுத்தது 2020 ஜூன். பத்து வருஷம் என்றால் நோயை மறைத்து எடுத்ததாகிவிடும். 60 மாசம் விடாமல் கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தாய் என்று கம்பெனி கேட்கவே முடியாது. எங்களுக்கு 57.

மார்ச் 13
தூக்கமில்லை. மூணு மாசம். வெறும் மூணு மாசம்.

மார்ச் 14
போன மே மாசம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த அக்காதான் விரலில் குத்திப் பார்த்து முதன்முதலில் சுகர் என்று சொன்னது. அவங்க எழுதிக் கொடுத்த அட்டை ரேஷன் கார்டு கவருக்குள் இருந்தது. மூலையில் மஞ்சள் கறை, தேதி மட்டும் தெளிவாக. "என் வாயாலதானே வந்துச்சு" என்று அம்மா அழுதாள். இல்லம்மா. பதறிப்போய் நிற்கிறவங்க சொல்வதை இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டியது ஆஸ்பத்திரிக்காரங்கதான். சாயங்காலம் பெரிய டாக்டர் திருத்தி எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். அட்டையோடு சேர்த்து அனுப்பியாச்சு.

மார்ச் 15
காலை 10.20-க்கு ஃபைனல் பில் போனது. டிஸ்சார்ஜ் அப்ரூவல் 3 மணி நேரத்துக்குள் வரவேண்டும், தாமதமானால் கூடுதல் செலவு கம்பெனியுடையது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2024 மே மாசமே உத்தரவு போட்டிருக்கிறது. டெஸ்கில் சொன்னேன். "எங்களுக்கு மெயில் வரணும் மேடம்."

2.40. அப்பா சட்டை மாட்டி, தலை சீவி உட்கார்ந்திருக்கிறார். மோதிரம் விரலில் சுழல்கிறது.

4.45. அட்டையின் பின்பக்கமும் வேண்டுமாம்.