வீட்டுச் சின்னத்தின் நீண்ட பயணம்

இலங்கைத் தமிழ்க் கட்சிகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் 1949ஆம் ஆண்டிலேயே நின்றுவிடுகிறேன். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசில் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சராக இருந்ததை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத்தாருக்காக எழுந்த சினமும் அதன் பிறப்பில் இருந்தது என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? 1956இல் தெற்கின் இரு பெருங்கட்சிகளும் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களத்துக்காகப் போட்டியிட்டன. தமிழரசுக் கட்சியின் கூட்டாட்சிக் கோரிக்கை 1976இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தனிநாட்டுக் கோரிக்கையானது. மறுஆண்டே நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவரான, தமிழரசுக் கட்சியிலிருந்து வந்த அமிர்தலிங்கமும் தோழர்களும், 1983இல் தனிநாட்டைக் கைவிடக் கோரிய அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தின் உறுதிமொழியை ஏற்க மறுத்து ஆசனங்களை இழந்தனர். என் பார்வையில், ஆயுதக் குழுக்களுக்கு அரசே காலி செய்து கொடுத்த இடம் அது. அக்குழுக்களுள் சில பின்னர் கட்சிகளாகி, 2001இல் உருவான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் சேர்ந்து, 2004இல் அதே தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வாக்குக் கேட்டன.