பாக்கெட்டோடு ஒரு ஆணியும் கொண்டுபோங்க

உசிலம்பட்டி, சேடப்பட்டி, பேரையூர் பக்கம் ஓஆர்எஸ் (பேதியில் போகிற நீரை ஈடுகட்ட, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-குளுக்கோஸ் பொடி) கொடுக்கக் கிளம்புகிற நண்பர்கள், பாக்கெட் மூட்டையோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஒரு ஆணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் அங்கன்வாடியிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகவே கிடைக்கிறது. காரியம் கெடுவது கலக்கும்போதுதான்.

பெரிய பாக்கெட் 20.5 கிராம். முழுசையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பல வீடுகளில் பாதியை டம்ளரில் கொட்டிவிட்டு, மீதியை மடித்துச் சொருகி வைப்பார்கள். அப்படி உப்பும் குளுக்கோஸும் கூடிப்போனால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடல் இழுத்துக்கொள்ளும். பேதி இன்னும் கூடும். "குடுத்தோம், அப்புறந்தான்யா ரொம்பப் போச்சு" என்று அப்பத்தா சொன்னால் நம்புங்கள், அவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம்.

செம்பு வீட்டுக்கு வீடு அளவு மாறும். அதனால் அவர்கள் வீட்டுப் பாத்திரத்திலேயே பாட்டில் தண்ணீரை ஊற்றி, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். எவர்சில்வரில் பேர் வெட்டிப் பழகிய ஊர், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். பகலில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டிதான். கலக்கிக் காட்டச் சொல்ல வேண்டியதும் அவரைத்தான்.

கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது. ஒவ்வொரு தடவை பேதி போனதும், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கலக்கி 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையோ சோற்றையோ நிறுத்தவே கூடாது. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற இனிப்பு பானம் இதற்கு ஈடாகாது.

1971-ல் வங்காள எல்லையில் பனகான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குழு, அளந்து கலந்த கரைசலைக் குழாய் வைத்த டிரம்மில் வைத்தது. பிடித்துக் கொடுத்தது குடும்பத்தார்தான். அங்கே அளவு டிரம்மிலேயே முடிந்துவிட்டது. இங்கே ஒவ்வொரு அடுப்படியிலும் அளக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதக் குழந்தைக்கு அதில் பாதி. கரண்டியில் கரைத்து, 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றுவிடும், வீட்டில் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி வராமல் காப்பதே மீதி மாத்திரைகள்தான் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாக இறங்கினாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ கரைசலோடு காத்திருக்கக் கூடாது, 108தான். தொக்கம் (உள்ளே உணவு சிக்கியிருக்கிறது என்று நாட்டு வைத்தியரிடம்) எடுக்கப் போய் ஒரு பகல் வீணாவதும் இந்தக் கட்டத்தில்தான். திட்டாதீர்கள்; "போற வழியெல்லாம் இதக் குடுத்துக்கிட்டே போங்க" என்று கையில் கொடுத்துவிடுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14 வாரத்தில். விட்டிருந்தால் புதன்கிழமை செவிலியரிடம் அனுப்புங்கள். பத்தாம் நாள் வாக்கில் திரும்பப் போய் ஜிங்க் அட்டையை வாங்கி எண்ணுங்கள். நாலுக்கு மேல் மிச்சமிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்ல வேண்டும்.