கிரிமியாவில் ஒரு விண்ணப்பம்

பிப்ரவரி 1, 2024

ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் உக்ரைன்–ரஷ்யா வழக்கில் நேற்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. உக்ரைன் கேட்டதில் பெரும்பகுதி தள்ளுபடி. ஆனால் சிலவற்றில் ரஷ்யா மாட்டிக்கொண்டது. அதில் ஒன்று, 2014இல் உக்ரைனிடமிருந்து ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவில் உக்ரைனிய வழிக் கல்வி. 2014க்குப் பிறகு அங்கே அதை நடத்திய விதம் இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை மீறியதாம்.

பிப்ரவரி 3

எண்களைத் தேடிப் பார்த்தேன். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் கணக்குப்படி, 2013–14இல் உக்ரைனிய வழியில் படித்தவர்கள் 12,694 பேர். 2016–17இல் 371!

மொழிக்குத் தடை ஏதும் போடவில்லை. 2014இல் எழுதிய கிரிமிய அரசமைப்பில் ரஷ்யம், உக்ரைனியம், கிரிமியத் தாத்தார் (அங்குள்ள பூர்வகுடிகளான தாத்தார்களின் மொழி) மூன்றுமே ஆட்சிமொழிகள். பிள்ளை எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கியோடு வந்தவன் ஊரை ஆளும்போது ‘உக்ரைனியம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இன்னொரு பக்கமும் உண்டு. 2014க்கு முன்பே அங்கே பெரும்பாலான பள்ளிகள் ரஷ்ய வழிதான். பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. மேற்படிப்புக்கு ரஷ்யம்தான் உதவும் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அதெல்லாம் சேர்ந்தாலும் 371 எனக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 6

தீர்ப்பில் அந்தப் பகுதியை மட்டும் மெதுவாகப் படித்தேன். பெற்றோரை மிரட்டினார்கள் என்பது நிரூபணமாகவில்லை என்கிறார்கள் நீதிபதிகள். சிறுபான்மை மொழியில் பள்ளிக்கல்வி பெறும் பொதுவான உரிமை அந்த உடன்படிக்கையில் இல்லை என்றும் சொல்கிறார்கள். கிரிமியத் தாத்தார் வழிக் கல்வி பற்றிய புகார் எடுபடவில்லை. ஆனாலும் உக்ரைனிய வழியில் படித்தவர்களின் எண்ணிக்கை முதல் ஆண்டிலேயே 80 சதவீதம் சரிந்ததே, அந்தப் பாதிப்பிலிருந்து உக்ரைனியர்களைக் காக்கும் கடமையை நிறைவேற்றியதாக ரஷ்யா காட்டவில்லை. அங்கேதான் பிடி. எனக்கு இது பாதி நியாயமாகத்தான் படுகிறது. மிரட்டலுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையையும் புரட்டினேன். 50ஆம் பிரிவு: ஆக்கிரமித்த அரசு பிள்ளைகளின் கல்வி நிலையங்கள் சரியாக நடக்க வழிசெய்ய வேண்டும். உள்ளூர் ஏற்பாடு போதாவிட்டால், பெற்றோரை இழந்த அல்லது பிரிந்த பிள்ளைகளுக்கு, முடிந்தால் அவர்கள் நாட்டையும் மொழியையும் மதத்தையும் சேர்ந்தவர்களைக் கொண்டே கற்பிக்க வேண்டும். அந்த ‘முடிந்தால்’ என்ற இடத்தில் எதையும் நுழைத்துவிடலாம்.

ஜூன் 29, 2025

ரொம்ப நாளாக இதைப் பற்றி எழுதவில்லை. செப்டம்பர் முதல் பாடத்திட்டத்திலிருந்து ‘தாய்மொழி உக்ரைனியம்’ என்ற பாடத்தையே எடுத்துவிட ரஷ்யக் கல்வி அமைச்சகம் வரைவு வெளியிட்டிருக்கிறது. காரணம், உலகின் புவிசார் அரசியல் நிலை மாறிவிட்டதாம். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இருந்துகொண்டே இணையவழியில் உக்ரைனியப் பள்ளியில் மறைவாகப் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.